பெயர்ப் பலகை நம் பெயரில் இருக்கட்டும்!

சுவாமிமலைக் கோயிலுக்கு அறுபது படிகள். பிரபவ முதல் அட்சய வரையுள்ள அறுபது தமிழ் ஆண்டுகளின் பெயர்களை அந்தப் படிகளுக்குச் சொல்வார்கள். தகப்பனுக்குப் பிள்ளை உபதேசம் செய்த தலம் என்பதால்தான் இங்கே முருகனுக்குச் சுவாமிநாதன் என்று பெயர். அப்படிப்பட்ட ஊரில் கடை வைத்திருக்கும் நாங்கள், கைபேசி விஷயங்களைப் பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு வெட்கப்பட்டிருக்கக் கூடாது. வெட்கப்பட்டோம். அதனால் பட்ட அடியை முதலில் சொல்லிவிடுகிறோம்.

எங்களுடையது மளிகையும் அரிசியும் சேர்ந்த சிறிய கடை. சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வந்து, "இனி எல்லாம் இண்டர்நெட்தான் ஐயா, கடைக்கு ஒரு வெப்சைட் போட்டுவிடுங்கள்" என்றார். கேட்ட தொகையைக் கொடுத்தோம். கடைப் பெயரில் இணையதளம் வந்தது. மகிழ்ச்சியோடு அந்த முகவரியைப் பில் புத்தகத்திலும், துணிப் பையிலும், வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த காலண்டரிலும் அச்சடித்தோம். இரண்டாம் ஆண்டு முடிவில் ஒரு நாள் தளம் திறக்கவில்லை. அவருக்குப் போன் செய்தால் எடுக்க ஆள் இல்லை. பிள்ளை உட்கார்ந்து விசாரித்த பிறகே உண்மை தெரிந்தது. கடைப் பெயர் எங்கள் பேரில் பதிவாகவே இல்லை. தளம் போட்டவர் தம் பேரிலேயே பதிவு செய்திருந்தார். கட்டணத்தைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்களெல்லாம் அவருடைய மின்னஞ்சலுக்கே போயிருக்கின்றன. கெடு முடிந்து, பெயர் பொதுவில் விடப்பட்டு, முகம் தெரியாத யாரோ எடுத்துக்கொண்டுவிட்டார்.

அதன் பிறகு எங்கள் காலண்டரைப் பார்த்து அந்த முகவரியைத் தட்டியவர்களுக்குச் சூதாட்ட விளம்பரம் வந்தது. பல வருஷ வாடிக்கையாளரான ஓர் அம்மாள் கடைக்கே வந்து, "உங்க கடைப் பேரில் என்னென்னவோ வருதே, பிள்ளைகள் பார்க்கும்படியா இருக்கு?" என்று கேட்டபோது நாங்கள் தலை குனிந்து நின்றோம். கொடுத்த பணம் போனது பெரிதல்ல. கடைப் பெயரை அச்சடித்துக் கொடுத்தது நாங்கள். அந்தப் பெயரில் வேறொருவர் கடை விரித்திருந்தார். அதுதான் உறுத்தியது.

மறுபடி தொடங்கி, இந்த முறை பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கற்றோம். சக வணிகர்களுக்கு உதவும் என்ற நம்பிக்கையில் அவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதல் பாடம்: பெயர் யார் பேரில்?

இணையதளம் என்பது மூன்று பொருள் சேர்ந்தது. முதலாவது, 'டொமைன்' எனப்படும் பெயர். இது நம் பெயர்ப் பலகை. இரண்டாவது, 'ஹோஸ்டிங்' எனப்படும் இடம். இது கடைக் கட்டடம். மூன்றாவது, அதில் வைக்கும் பக்கங்கள், இவை சரக்கு. கட்டடத்தை மாற்றிக்கொள்ளலாம், சரக்கையும் மாற்றிக்கொள்ளலாம். பெயர் கை மாறினால் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

ஆகவே யார் தளம் அமைத்துக் கொடுத்தாலும், பெயரை மட்டும் நாமே நம் பேரில் பதிவு செய்ய வேண்டும். பதிவில் உரிமையாளர் என்ற இடத்தில் நம் பெயர், நம் மின்னஞ்சல், நம் கைபேசி எண் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். கட்டணம் கட்டிய ரசீதும் நம் பேருக்கே வர வேண்டும். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, கடை உரிமப் பத்திரங்கள் இருக்கும் பீரோவில் வையுங்கள். ஆண்டுக்கொரு முறை மறந்துவிடுவோம் என்ற பயம் உள்ளவர்கள் சில ஆண்டுகளுக்குச் சேர்த்தே கட்டிவிடலாம்.

'.இன்' என்று முடியும் பெயர்கள் நம் நாட்டுக்கு உரியவை. 2005 முதல் அவை எல்லோருக்கும் தாராளமாகக் கிடைக்கின்றன. முழுக்கத் தமிழ் எழுத்திலேயே '.இந்தியா' என்று முடியும் பெயரும் உண்டு. எதை எடுத்தாலும் போனில் சொன்னால் எதிரே இருப்பவர் பிழையில்லாமல் எழுதிக்கொள்ளும்படி சிறிய பெயராக இருக்க வேண்டும். சுவாமிமலை என்ற நம் ஊர்ப் பெயரையே ஆங்கிலத்தில் சிலர் 'டபிள்யூ' போட்டும் சிலர் 'வி' போட்டும் எழுதுகிறார்கள். ஊர்ப் பெயரைச் சேர்ப்பதானால், கடைப் பலகையில் எப்படி எழுதியிருக்கிறோமோ அப்படியே சேர்ப்பது நல்லது.

வாடகை இடமும் சொந்த மனையும்

"வாட்ஸ்அப் இருக்கிறது, ஃபேஸ்புக் இருக்கிறது, யூடியூப் இருக்கிறது, தனியாக எதற்கு ஒரு தளம்?" என்று பல நண்பர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். அவை எல்லாம் பயனுள்ளவை, நாங்களும் பயன்படுத்துகிறோம். ஆனால் அவை வாடகை இடங்கள்.

2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்குத் தடை விதித்தது. தடைக்கான காரணம் சரியா தவறா என்பது நம் விஷயம் அல்ல. அதில் பல மாதம் உழைத்துத் தம் பொருளைக் காட்டி ஆள் சேர்த்திருந்த சிறு விற்பனையாளர்கள் அன்றோடு அத்தனை பேரையும் இழந்தார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. இன்னொன்று: கூகுள் நிறுவனம் சிறு கடைகளுக்கு இலவசமாகவே ஒரு சிறிய இணையதளம் அமைத்துக் கொடுத்துவந்தது. அந்தச் சேவையை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. அந்த இலவச முகவரியை நம்பி நோட்டீஸ் அடித்தவர்களின் நோட்டீஸ் வீணானது.

வாரச் சந்தையில் கடை போடுகிறோம். கூட்டம் அங்கேதான் வருகிறது, போடத்தான் வேண்டும். அதற்காகச் சொந்த மனையை விற்றுவிட்டுச் சந்தைத் திடலில் குடியேறுவோமா? செயலிகள் எல்லாம் சந்தை. நம் பெயரில் உள்ள தளம்தான் மனை. சந்தையில் பார்த்தவரை மனைக்கு அழைத்து வருவதே நம் வேலை. கடைப் பையில் அச்சடிக்க வேண்டியதும் மனையின் முகவரியைத்தான்.

ஸ்தபதிகளிடம் கற்க வேண்டியது

எங்கள் ஊரின் பெயரை உலகம் அறியச் செய்தவர்கள் சிலை வார்க்கும் ஸ்தபதிகள். சுவாமிமலை வெண்கலச் சிலைகளுக்கு 2008-09-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023 செப்டம்பரில் புது டில்லியில் ஜி-20 மாநாடு நடந்த பாரத் மண்டபத்தின் முன்னே நிறுவப்பட்ட, 27 அடி உயரமும் சுமார் 18 டன் எடையும் உள்ள நடராஜர் சிலை சுவாமிமலை ஸ்தபதிகள் வார்த்ததே. அப்படியொரு செய்தி வரும் நாளில் எங்கோ இருப்பவர்கள் ஊர்ப் பெயரைத் தட்டிப் பார்ப்பார்கள். அப்போது அவர்கள் கண்ணில் யார் பட வேண்டும்? அதற்கு முன்பே பக்கம் எழுதி வைத்திருப்பவர்தான் படுவார்.

ஸ்தபதி குடும்பங்கள் பலவற்றுக்கு இன்று இணையதளம் உண்டு. அவற்றுள் நன்றாக அமைந்தவற்றைப் பார்த்தபோது எங்களுக்கு ஒன்று புரிந்தது. 'எங்கள் சிலை உலகத்திலேயே சிறந்தது' என்று எழுதிய பக்கத்தில் வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது எதுவும் இல்லை. வேலையை விளக்கிய பக்கத்தில் இருக்கிறது. தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் கூட்டி உருவம் செய்கிறார்கள். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைக்கிறார்கள். சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே வருகிறது. அந்தக் காலி இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பின் மண் கூட்டை உடைக்கிறார்கள். கூடு உடைந்துவிடுவதால் ஒரு கூட்டில் ஒரு சிலைதான். இதைப் படித்தவருக்கு விலை ஏன் அந்த அளவு இருக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதோடு, வெளிநாட்டுக்காரர் கேட்கத் தயங்கும் ஒரு கேள்விக்கும் அந்தப் பக்கம் பதில் சொல்ல வேண்டும். பழைய சிலை கடத்தல் செய்திகளைப் படித்தவருக்குச் சிலை வாங்கவே பயம். 1972-ஆம் ஆண்டின் பழம்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலையைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. புதிய சிலையை அனுப்பும்போது, அது பழம்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று பெறலாம். 'சான்றோடு அனுப்புகிறோம்' என்ற ஒரு வரி, பத்து வரி புகழ்ச்சியைவிட அதிக வியாபாரம் தரும்.

மளிகைக் கடைக்காரர் என்ன எழுதுவது?

"அவர்களுக்குச் சிலை இருக்கிறது. துவரம்பருப்பைப் பற்றி நாம் என்ன எழுதுவது?" என்று கேட்கலாம். தினமும் கல்லாவில் உட்கார்ந்து வாயால் சொல்வதை எழுதினால் போதும். வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளை ஒரு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எங்கள் நோட்டில் முதல் வாரமே இருபதுக்கு மேல் சேர்ந்தன. இட்லிக்கு எந்த அரிசி? புது அரிசியா, பழைய அரிசியா? கருப்புக் கவுனி ஏன் வேகவில்லை? மாப்பிள்ளைச் சம்பாவில் என்ன செய்வது? ஆடிப்பெருக்குக்குக் காப்பரிசி செய்ய என்னென்ன வாங்க வேண்டும்? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பக்கம். அவ்வளவுதான் இரகசியம்.

எங்கள் பழைய தளத்தில் இருந்த வாசகம் இது: 'எங்களிடம் அனைத்து வகையான தரமான அரிசிகளும் நியாயமான விலையில் கிடைக்கும்.' இதை எந்த ஊரில் எந்தக் கடைக்காரரும் எழுதலாம். படித்தவருக்கு ஒன்றும் மிஞ்சாது. இப்போது நாங்கள் எழுதியிருப்பது இப்படி:

'இட்லிக்குக் குண்டு அரிசி வாங்குங்கள். நம் பக்கத்தில் ஆடுதுறை 37 என்ற ரகம் இதற்குப் பெயர் பெற்றது. நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு முழு உளுந்து போதும். உளுந்து பழையதானால் சற்றுக் கூட்டிக்கொள்ளவும். சாப்பாட்டுக்குப் பொன்னி வாங்குபவர்கள், அறுவடையாகி எத்தனை மாதம் ஆயிற்று என்று எங்களைக் கேளுங்கள். புது அரிசி குழையும். பழைய அரிசி உதிராக வரும், தண்ணீரும் சற்றுக் கூடுதலாக வேண்டும். கருப்புக் கவுனியை முதல் நாள் இரவே ஊறவைக்க வேண்டும். ஊறிய தண்ணீர் கறுத்திருந்தால் பயப்பட வேண்டாம், அது அரிசியின் இயற்கை நிறம்.'

இதில் பெருமை பேசும் சொல் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வீட்டுக்காரம்மாள் இதைப் படித்தால் இந்தக் கடைக்காரருக்கு அரிசி தெரியும் என்று நினைப்பார். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-இல் தொடங்கியது முதல் நம் பகுதிக்கு எத்தனையோ ரகங்களைத் தந்திருக்கிறது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் வாழ்ந்து 2018-இல் மறைந்த நெல் ஜெயராமன் 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டெடுத்தார். இத்தனை செல்வத்தின் நடுவே கடை வைத்துக்கொண்டு, 'தரமான அரிசி கிடைக்கும்' என்று மட்டும் எழுதுவது நமக்கு அழகா? பெரிய நிறுவனத்தின் செயலியில் ஆயிரம் பொருள் இருக்கலாம். இந்த மூட்டை எந்த ஊர் நெல், எப்போது அரைத்தது என்று சொல்ல அதற்கு ஆள் இல்லை. நமக்குத் தெரியும். அதுதான் நம் முதல்.

தேடுபவர் 'சிறந்த மளிகைக் கடை' என்று தட்டுவதைவிட, 'கருப்புக் கவுனி எப்படிச் சமைப்பது', 'கும்பகோணம் பக்கம் மாப்பிள்ளைச் சம்பா எங்கே கிடைக்கும்' என்று தட்டுவதே வழக்கம். பக்கத்தின் தலைப்பை அந்தக் கேள்வியாகவே வையுங்கள். பருவம் பார்த்து எழுதுங்கள். ஆடிக்கு உரியதை ஆனியிலேயே எழுதிவிட வேண்டும். மாதம் இரண்டு பக்கம் எழுதினால் ஆண்டுக்கு 24 பக்கம். காலண்டர் ஆண்டு முடிந்தால் பழைய காகிதம், எழுதிய பக்கமோ அடுத்த ஆண்டும் ஆள் கொண்டுவரும்.

தமிழில் எழுதுவதில் ஒரு சிக்கல்

அச்சகத்தில் நோட்டீசுக்குத் தட்டிய தமிழை அப்படியே எடுத்துத் தளத்தில் போட்டால் பல நேரங்களில் வாய்க்கு வராத எழுத்துகளாகத் தெரியும். பழைய எழுத்துருக்களில் தட்டியது அப்படித்தான் ஆகும். யூனிகோடு முறையில் தட்டிய தமிழ் மட்டுமே எல்லாக் கைபேசியிலும் சரியாகத் தெரியும், தேடினாலும் கிடைக்கும். கைபேசியில் நாம் தட்டும் தமிழ் யூனிகோடுதான். தட்ட வராதவர்கள் கைபேசியிடம் வாயால் சொன்னாலும் அது எழுதிக்கொள்ளும். பின்னர் பிழை மட்டும் திருத்தினால் போதும்.

விலைப்பட்டியலையும் முகவரியையும் படமாகப் போடுவது இன்னொரு தவறு. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி படிக்கும் என்று நம்ப முடியாது. போன் எண் எழுத்தாக இருந்தால்தான் வாடிக்கையாளர் ஒரே தொடுதலில் அழைக்கலாம். படம் பொருளுக்கு மட்டும் போதும். பகல் வெளிச்சத்தில், நம் கடைச் சரக்கையே எடுங்கள். அளவு தெரிய ஒரு உழக்கையோ டம்ளரையோ பக்கத்தில் வையுங்கள். எங்கிருந்தோ எடுத்த படத்தைப் போட்டு வேறு சரக்கைக் கொடுத்தால், அன்றோடு நம் வார்த்தைக்கு மதிப்பு போய்விடும்.

வரைபடமும் வாட்ஸ்அப்பும்

கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர் கடையைக் கூகுள் வரைபடத்தில்தான் தேடுகிறார். அதில் கடையைப் பதிவு செய்ய 'கூகுள் பிசினஸ் புரொஃபைல்' என்ற வசதி இலவசமாக உள்ளது. நாமே செய்துகொள்ளலாம், 'கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டுங்கள்' என்று போன் வந்தால் நம்ப வேண்டாம். கடைப் பெயர், முகவரி, போன் எண் ஆகியவை பலகையிலும், தளத்திலும், வரைபடத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். திறக்கும் நேரம், வார விடுமுறை, பண்டிகை நாள் மாற்றம் ஆகியவற்றை அவ்வப்போது திருத்துங்கள். திறந்திருப்பதாகக் காட்டியதை நம்பி வந்து பூட்டிய கதவைப் பார்த்தவர் மறுமுறை வருவது அரிது.

வாட்ஸ்அப் பிசினஸ் 2018-இல் நம் நாட்டுக்கு வந்தது. பொருட்களைப் படத்தோடு அடுக்கிக் காட்டும் பட்டியல் வசதி 2019-இல் சேர்ந்தது. வாடிக்கையாளர் மாதச் சாமான் சீட்டைப் படமெடுத்து அனுப்ப, நாம் கட்டி வைக்க, மாலையில் எடுத்துப் போகிறார். இந்த வசதிக்கு ஈடில்லை. ஆனால் ஒன்று: கேட்காதவருக்கு அனுப்பாதீர்கள். தினமும் காலை வணக்கப் படமும், வாரம் நான்கு விளம்பரமும் அனுப்பினால் எண்ணைத் தடுத்துவிடுவார்கள். ஒலிபரப்புப் பட்டியல் மூலம் அனுப்பும் செய்தி, நம் எண்ணைத் தம் கைபேசியில் பதிந்து வைத்திருப்பவருக்கே போய்ச் சேரும். ஆகவே கடைக்கு வந்தவரிடம் 'விலை மாறினால் சொல்லட்டுமா?' என்று கேட்டு, 'சரி' என்றால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் எண்களை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கென்றே 2023-இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது.

விளம்பரச் செலவும் பாராட்டுரையும்

பணம் கொடுத்துச் செய்யும் இணைய விளம்பரத்தை முதல் நாளே தொடங்க வேண்டாம். பக்கங்கள் சரியாக இல்லாதபோது செய்யும் விளம்பரம், காலிக் கடைக்கு ஆள் கூப்பிடுவதற்குச் சமம். பிறகு செய்வதானாலும் நம்மைச் சுற்றி ஐந்து பத்து கிலோமீட்டருக்குள் மட்டும் தெரியும்படி, ஒரு தொகையை முடிவு கட்டி, அதோடு நிறுத்திப் பாருங்கள். புதிதாக வருபவரிடம் 'நம் கடை எப்படித் தெரிந்தது?' என்று கேட்டு நோட்டில் ஒரு கோடு போடுங்கள். மாதக் கடைசியில் கோடுகளை எண்ணினால் எதற்குச் செலவழிக்கலாம் என்று தெரிந்துவிடும். இதைவிட நல்ல கணக்கு முறை சிறு கடைக்குத் தேவையில்லை.

காசு கொடுத்தால் நூறு பேர் பாராட்டி எழுதுவார்கள் என்று சொல்லி வருபவர்களைப் படி ஏற்ற வேண்டாம். பொய்யான பாராட்டுரை ஏமாற்று. இணையத்தில் வரும் நுகர்வோர் கருத்துரைகள் எப்படி இருக்க வேண்டும் என்று 2022-இல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையே வெளியாகியிருக்கிறது. நல்ல வாடிக்கையாளரிடம் 'மனதில் பட்டதை எழுதுங்கள்' என்று கேட்பது தவறில்லை. குறை எழுதியவருக்கும் மரியாதையாகப் பதில் எழுதுங்கள். 'பருப்பில் கல் இருந்தது' என்று ஒருவர் எழுதினால், 'மன்னிக்கவும், கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறோம்' என்ற பதிலை அவர் ஒருவர் மட்டும் படிப்பதில்லை. அடுத்து வாங்க நினைக்கும் எல்லோரும் படிக்கிறார்கள்.

சட்டம் சொல்வது

தளத்தில் ஆர்டர் எடுத்து விற்கத் தொடங்கினால் சில கடமைகள் சேர்கின்றன.

நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள் 2020-இல் வந்தன. அவற்றின்படி கடையின் சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு விவரம், பொருளைத் திருப்பும் முறை, குறை கேட்கும் பொறுப்பாளரின் பெயர் ஆகியவை தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும்.

உணவுப் பொருள் விற்பவருக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு அல்லது உரிமம் கட்டாயம். அந்த எண்ணை 2022 ஜனவரி 1 முதல் பில்லிலும் காட்ட வேண்டும், தளத்திலும் போடுங்கள். பொட்டலப் பொருளை இணையத்தில் விற்றால் அதிகபட்ச விலை, நிகர எடை, பொட்டலமிட்டவர் பெயர், முகவரி போன்றவற்றைத் திரையிலும் காட்ட வேண்டும் என்று எடையளவு விதிகள் 2018 ஜனவரி 1 முதல் சொல்கின்றன.

ஜி.எஸ்.டி.யில் ஒரு கண்ணி உண்டு. தமிழ்நாட்டுக்குள்ளேயே பொருள் விற்பவருக்குப் பொதுவாக ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை பதிவு தேவையில்லை. ஆனால் இணையம் வந்ததும் பெங்களூருவிலிருந்தும் ஆர்டர் வரும். வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால், விற்றுமுதல் எவ்வளவு குறைவானாலும் பதிவு தேவை. கைவினைப் பொருட்களுக்கு மட்டும் வரம்போடு கூடிய தனிச் சலுகை உண்டு. முதல் வெளிமாநிலப் பார்சலைக் கட்டுவதற்கு முன் ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

புவிசார் குறியீட்டுப் பெயர்களிலும் கவனம் வேண்டும். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் குறியீடு கிடைத்தது. வேறு ஊர் வெற்றிலையை அந்தப் பெயர் சொல்லித் தளத்தில் விற்றால் அது சட்ட விரோதம். நம் பகுதி விவசாயிக்கும் துரோகம்.

பண விஷயத்தில் எப்போதும்போல் விழிப்பு வேண்டும். யு.பி.ஐ. 2016-இல் வந்த பிறகு வசூல் எளிதாகிவிட்டது, ஏமாற்றும் எளிதாகிவிட்டது. பணம் அனுப்பியதாகக் காட்டும் படத்தை நம்பிச் சரக்கு அனுப்பாதீர்கள். நம் கணக்கில் வந்ததைப் பார்த்த பிறகே மூட்டை கட்டுங்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணைத் தட்ட வேண்டியதே இல்லை. தட்டச் சொல்பவர் நம் கல்லாவில் கை வைக்கப் பார்க்கிறார் என்று பொருள்.

ஒரு மாதத்தில் முடிக்கலாம்

படித்துவிட்டு மலைக்க வேண்டாம். வாரத்துக்கு ஒன்றாகச் செய்தால் ஒரு மாத வேலைதான்.

முதல் வாரம்: தளம் ஏற்கெனவே இருந்தால் பெயர் யார் பேரில் இருக்கிறது, எப்போது காலாவதி என்று பாருங்கள். வேறொருவர் பேரில் இருந்தால் சுமுகமாகப் பேசி உடனே மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் புதிதாக நம் பேரில் பதிவு செய்யுங்கள்.

இரண்டாம் வாரம்: முகவரி, அடையாளம், போன், நேரம், முக்கியச் சரக்கு ஆகியவை கொண்ட முதல் பக்கத்தை முடித்து, வரைபடத்திலும் அதே விவரத்தைப் போடுங்கள். இதே வாரம் கேள்வி நோட்டையும் கல்லாவில் வைத்துவிடுங்கள்.

மூன்றாம் வாரம்: நோட்டில் அதிகம் கேட்கப்பட்ட ஐந்து கேள்விகளுக்கு ஐந்து பக்கம் எழுதுங்கள்.

நான்காம் வாரம்: முகவரியைப் பையிலும் பில்லிலும் அச்சடியுங்கள். நாங்கள் செய்ததுபோல் இதை முதலில் செய்துவிடாதீர்கள்.

எங்கள் புதிய தளம் பெரிய அளவில் வியாபாரத்தைக் கூட்டிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டோம். மாதத்துக்குச் சில புதிய முகங்கள் வருகின்றன; 'இட்லி அரிசி பற்றி எழுதியிருந்தீர்களே' என்று சொல்லிக்கொண்டே வருகிறார்கள். வெளியூருக்குப் போய்விட்ட நம் ஊர்க்காரர்கள் சிலர், ஊரில் இருக்கும் தாய் தந்தையருக்குச் சாமான் கொடுக்கச் சொல்லி அங்கிருந்தே ஆர்டர் போடுகிறார்கள். அன்று எங்களைத் தலைகுனிய வைத்த கேள்வியைக் கேட்ட அம்மாளும் வந்தார். "இப்போ நல்லா இருக்கு. கவுனி அரிசியை ராத்திரியே ஊறவச்சேன், நல்லா வெந்துடுச்சு" என்றார்.

இப்போது புதுப்பிப்புக் கடிதங்கள் எங்கள் மின்னஞ்சலுக்கே வருகின்றன. வந்ததும் பிள்ளை சொல்கிறான், நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். சுவாமிமலையில் இருந்துகொண்டு பிள்ளை சொல் கேட்பதற்கு என்ன கூச்சம்?